என்னைப் பார்க்க ஓர் ஆள்

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உப்பளத்தில், வரப்போரக் குடிசை ஒன்றில் தனியாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாரிடமும் பேச வராது. பேச வேண்டிய இடம் வந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். சில நாட்களில் சாயங்காலம் தண்ணீர் குடிக்கும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அடுத்த பாத்தியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உப்பு வாரினார்கள். அவர் கோபக்காரர், என்னோடு பேச்சில்லை. அந்த அம்மாள் மட்டும் மதியம் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன். சாப்பிடாத நாளிலும் ஆட்டுவேன்.

ஒரு கோடையில் அவளுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அவர் அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். வாரிய உப்பு குவியலாக, மூடாமல் கிடந்தது. பக்கத்திலேயே பனையோலைக் கட்டு. மறுநாள் மதியம் தெற்கே வானம் கறுத்தது.

எங்கள் அளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் இல்லாதபோது அடுத்தவன் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. ஈரக் களிமண்ணில் தடம் பதியும். உப்பு குறைந்தால், தடம் யாருடையதோ அவன்தான் திருடன்.

வரப்பில் நின்று யோசித்தேன். மூடாமல் விட்டால் மழை கரைக்கும். என்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூடினாலும் கொஞ்சம் கரையத்தான் செய்யும். அந்தக் குறைவு என் தலையில் விழும். யோசனையில் எந்தப் பிழையும் இல்லை. குடிசைக்குத் திரும்பிச் சோற்றுச் சட்டியைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் காற்று மட்டும். சாப்பிடாமலே சட்டியை மூடினேன்.

மறுபடி வெளியே வந்தேன். அப்போதும் அறிவு என்னை விடவில்லை. ஆனால் இந்த முறை, போகாதே என்று சொல்லாமல், சாட்சி வைத்துக்கொண்டு போ என்றது. சாட்சி வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

உப்புக் கூடை சுமக்கும் பெண்கள் ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். கடைசியில் வந்தவள் நின்றாள்.

“ஏம்பா, என்னா? பாம்பா?”

“இல்ல... பாக்கணும்.”

“என்னாத்த பாக்கணும்?”

“என்னை.”

“அடியே, கேட்டீங்களாடி! மாப்ள பாக்கறதுக்கு என்னைக் கூப்பிடறாரு!”

முன்னால் போனவர்கள் சிரித்தார்கள். காது சுட, விஷயத்தைச் சொன்னேன். அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

“சீக்கிரம் மூடுப்பா, நனையறேன்ல!”

ஓலை பரப்பி மேலே மண்கட்டி வைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சில நாள் கழித்து அந்த அம்மாளின் புருஷன் மட்டும் திரும்பி வந்தார். மழை என் தடத்தை அழிக்கவில்லை. தண்ணீர் தேங்கி இன்னும் நன்றாகத் தெரிந்தது.

“எவன்டா என் பாத்தில கால் வச்சது?”

நான் கையைத் தூக்கினேன். கூடைக்காரிதான் மேட்டிலிருந்து குரல் கொடுத்தாள்: “நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ஒரு கல்லு உப்பு எடுக்கல அந்தாளு!”

அவர் ஓலையைத் தூக்கிப் பார்த்தார். அடி ஓரம் கரைந்திருந்தது. ஓலையை மறுபடி அப்படியே மூடினார். மதியம் தூக்குச்சட்டி இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அவ இன்னும் படுத்துதான் கெடக்கறா. நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னா.”

தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

“இன்னும் இல்ல,” என்றேன். “நீங்க?”