அணைத்த சர்வரின் பதில்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எங்கள் மொழி மாடலை நான்கு சர்வர்கள் ஓட்டின. வருகிற கேள்விகளை அவற்றுக்குப் பிரித்தனுப்பும் அமைப்பு என்னுடையது. ஆயுதபூஜையன்று காலை நான்காவதை அணைத்து, சந்தனம் வைத்து, பொரி படைத்தோம். கேள்வி அனுப்பும் பட்டியலிலிருந்து அதை எடுக்க மறந்து தொலைத்தேன்.

மாலையில் பதறிப்போய்ப் பதிவைத் திறந்தால், பகல் முழுக்க நான்காவது பதில் சொல்லியிருந்தது.

“யாராவது திரும்பப் போட்டாங்களா?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“இன்னா சார், பிளக்கே புடுங்கி கீது,” என்றார்.

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. சர்வர் பேசாவிட்டால், சேமித்துவைத்த பழைய பதில்களில் பொருத்தமானதை அதன் பெயரிலேயே அனுப்பும்படி எழுதிவைத்த மடையன் நானேதான்.

ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. கடைசியாக ஒருவர் நன்றி சொல்லியிருந்தார். அதற்கும் பதில் போயிருந்தது: “எப்போதும் இங்கேதான் இருக்கிறேன்.”