வேதக்காரி அடிக்காத சூடம்

ஆலங்குடி கடலை மில்லில் வேலை பார்த்த பெண்களில் அடைக்கலமேரியின் குரல்தான் ரோடு வரைக்கும் கேட்கும். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், கண்மாய்க்கு அங்கிட்டு நிக்கிறவனைக் கூப்புடுற மாதிரி ஏன் கூப்புடுற?" என்பான் புருசன் மரியசெல்வம். அவன் மாட்டுவண்டிக்காரன். அதே மில்லுக்குத்தான் மூட்டை ஏற்றினான். ஆகவே வீட்டில் உலை கொதிப்பது முழுக்க ஒரே முதலாளி கையில் இருந்தது.

மிஷின் உடைத்துத் தள்ளுகிற கடலையைச் சுளகில் புடைத்துச் சொத்தை பொறுக்குவது பெண்கள் வேலை. மிஷினுக்கு அடியில் சேரும் கடலைத் தொலியைக் கூட்டி அள்ளுவதும் அவர்கள்தான். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப நேரமாகும் என்று, அது ஓடும்போதே குனிந்து கூட்டச் சொல்வார் மேஸ்திரி மலையாண்டி. ஐம்பத்தாறாம் வருசம் தை மாசக் கடைசியில் அப்படிக் கூட்டும்போது ராசாத்தி என்பவளின் வலது கையை பெல்ட் இழுத்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு முதலாளி வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஒரு சேலை வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று முதலாளி நினைத்தார்.

பெண்கள் அப்படி நினைக்கவில்லை. புதுக்கோட்டையில் பஸ் கம்பெனியில் கண்டக்டராக இருந்து, சங்கம் சேர்த்ததற்காக வேலை இழந்த செல்லமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கண்மாய்க் கரையில் அவர்களைக் கூட்டிப் பேசினார். பெல்ட்டுக்கு அடைப்பு வேண்டும், கை போனவளுக்கு நஷ்ட ஈடு வேண்டும், அதைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே அது முதலாளி காதுக்குப் போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை வேலை தொடங்குமுன் எல்லாப் பெண்களையும் மில்லுக்குப் பின்னால் இருக்கும் முனியன் கோயிலுக்குக் கூட்டிவரச் சொன்னார். தரையில் கல் வைத்து அதன்மேல் சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சங்கத்தில் சேர மாட்டேன், முதலாளிக்கு எதிராக யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சூடமடித்துச் செய்த சத்தியத்தை மீற ஆளே கிடையாது. மீறினால் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்பார்கள்.

அடைக்கலமேரியும், அவளைப் போலவே கிறிஸ்தவப் பெண்ணான சந்தனமேரியும் வரிசையில் வந்தபோது மலையாண்டி கையை நீட்டி மறித்தார். "வேதக்காரப் பொம்பளைகளுக்கு முனியன் கோயில்ல என்ன சோலி? அங்கிட்டு ஒதுங்கி நில்லுங்க."

ஒதுங்கி நின்றார்கள். மேஸ்திரி செய்த தப்பு அதுதான். அந்த நேரத்தில் அது அவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

ராசாத்தியின் முறை வந்தது. அவள் இடது கையை ஓங்கினாள்.

"இடது கையில சத்தியமா? சோத்துக் கையால அடி" என்றார் மலையாண்டி.

புண் ஆறி இளந்தோல் கட்டியிருந்த அந்தக் கையால் அவள் சூடத்தை அடித்தாள். அடைக்கலமேரி வேப்பமரத்தடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லமுத்து அனுப்பிய மனுவின்பேரில் வைகாசியில் திருச்சியிலிருந்து லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் சூடம் அடிக்காதவர்கள் யார் யார் என்று மில்லில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மலையாண்டி அடைக்கலமேரியின் வீடு தேடி வந்தார்.

"மேரி, ஒங்க அந்தோணியார் கோயிலுக்கு வா. ஒரு மெழுகுவத்தி ஏத்தி சத்தியம் பண்ணிரு, போதும்."

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னு எங்க சாமியார் பிரசங்கத்துல சொல்லியிருக்காரு மேஸ்திரி. வேணும்னா அவரை வந்து கேளுங்க."

"அப்ப நாளைக்கி லீவு போட்டுக்க."

"இத்தனை வருசமா லீவு கேட்டப்ப ஒரு நாள் குடுத்திருப்பீங்களா? இன்னிக்கி வீடு தேடி வந்து குடுக்குறீக."

மலையாண்டி அவளை விட்டுவிட்டு மரியசெல்வத்தைப் பார்த்தார். "ஒன் வண்டியை யோசிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மரியசெல்வம் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். திரும்பி வந்து, அவள் களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சந்தனமேரி பேசட்டுமே. அவளும் அடிக்கலைல்ல?"

"அவ இன்னிக்கிப் பொழுதோட குடுமியான்மலைக்கு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிட்டா."

"அவளுக்குப் புத்தி இருக்கு."

"இருக்குது."

அன்றைக்குக் களியில் உப்பு இல்லை. அவன் அப்படியே தின்றுவிட்டு எழுந்தான்.

மில் ஆபீசில் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராசாத்திக்கு வீட்டில் அருவாமனையில் கை பட்டுவிட்டது, மில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முதலாளி நிதானமாகச் சொன்னார்.

"இல்லைங்கய்யா" என்றாள் அடைக்கலமேரி. அந்த அறைக்கு அது ரொம்பப் பெரிய குரல். "மிஷினு ஓடுறப்ப தொலி கூட்டச் சொன்னாக. பெல்ட்டு இழுத்துருச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாக்குறவ."

"சங்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வேற யார் இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. மலையாண்டி சிரித்தார். "ஒத்தை ஆளு சங்கம் சார். அவளே தலைவி, அவளே தொண்டர்."

ஆபீசர் பேனாவை மூடப் போனார். அப்போது ராசாத்தி சுவரை விட்டு வந்தாள். முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்த வலது கையை எடுத்து மேஜைமேல், அவர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அருவாமனை பட்ட கை அப்படி இருக்காது. மணிக்கட்டு வரைக்கும் நசுங்கி முறுக்கியிருந்தது. உள்ளங்கையில் சூடம் சுட்ட கறுப்பு வேறு.

"எப்படி ஆச்சு? வாயைத் திறந்து சொல்லும்மா."

அவள் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வடிந்தது. பிறகு திரும்பி நடந்து, மிஷினிடம் போய், பெல்ட் ஓடும் இடத்தில் குனிந்து நின்று காட்டினாள். ஆபீசரும் எழுந்து பின்னால் போனார்.

மூன்று மாசத்தில் பெல்ட்டுக்கு மரச்சட்டம் அடித்தார்கள். ராசாத்திக்கு நஷ்ட ஈடும் வந்தது. ஆனால் விசாரணை நடந்த மறுநாளே ரெண்டு பேருக்கும் மில் கேட் மூடிவிட்டது. மரியசெல்வத்தின் வண்டிக்கும் லோடு நின்றது. அவன் இலுப்பூர்ச் சந்தைக்கு வாடகை தேடிப் போய் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தான். வந்தாலும் அதிகம் பேச மாட்டான். அடைக்கலமேரி வீடு வீடாகக் கடலை உடைக்கப் போனாள். ராசாத்தியும் மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு அவளோடு போனாள்.

ராசாத்தியின் மகனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "அக்கா, நான் அன்னிக்கி வாய் தொறக்கலைல?"

"தொறக்கல."

வயிற்றுப்போக்கு என்றாலும் கேட்பாள். கீழே விழுந்து முட்டி பேர்ந்தாலும் கேட்பாள். சலித்துப்போய் ஒருநாள் அடைக்கலமேரி, "தொறந்திருந்தாத்தான் என்னடி இப்ப?" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு ராசாத்தி ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அறுபத்திரண்டில் மில் வாசலுக்கு எதிரே சங்கக் கொடி ஏறியது. சேர்ந்தவர்கள் எல்லாம் புதுப் பெண்கள், சூடம் அடிக்காதவர்கள். செல்லமுத்து ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். அடைக்கலமேரியைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ராசாத்தி ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். கையை முந்தானைக்குள் விட்டிருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை.

கூட்டம் முடிந்து வந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "கொடிக்கு நேரா நிக்கல. தள்ளித்தானே நின்னேன், அக்கா?"

அடைக்கலமேரிக்கு அன்றைக்குக் குரல் எழும்பவில்லை.

"தள்ளித்தான் நின்ன. வா, பய தேடுவான்" என்றாள்.