எங்கள் பாங்க் கவிழ்ந்த வாரம்

பணம் போட வருகிறவர் கவுன்ட்டரில் பணம் வாங்கிக் கொடுக்கும் டெல்லரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பணம் எடுக்க வருகிறவர் கொஞ்சம் பார்ப்பார். பாங்க் கவிழப்போகிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர் முகத்தை விட்டு வேறெதையும் பார்க்கமாட்டார்.

நான் திருச்சியில் சில வருஷம் பாங்க் கிளார்க்காக இருந்தவள். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் பொறுமையாகக் காத்திருக்கும் ஜனங்களைப் பார்த்துப் பழகியவள். கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் சேவியருக்கு ஆஸ்டினில் சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. குடியிருப்பு ரவுண்ட் ராக்கில் ஓர் அபார்ட்மென்ட். கிரீன் கார்டு வந்ததும் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஒரே கிளையுள்ள ஒரு பாங்க்கில் டெல்லராகச் சேர்ந்தேன். மானேஜர் பெயர் டாயில். என் பக்கத்து ஜன்னலில் லிண்டா.

எண்பதுகளின் பின்பாதி அது. எண்ணெய் விலை விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தின் விலையும் விழுந்தது. நிலத்தையும் கட்டடத்தையும் நம்பிக் கடன் கொடுத்த பாங்க்குகள் டெக்சாஸ் முழுக்க ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எங்களுடையதும் அப்படிக் கடன் கொடுத்த பாங்க்தான். உங்களில் யாராவது பாங்க்கிலோ சீட்டுக் கம்பெனியிலோ கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவர்களாக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. வாடிக்கைக்காரர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில். என் ஞாபகத்தில் அது தமிழில்தான் தங்கியிருக்கிறது.

ஏ.சி. ரிப்பேர்

ஜூலை மாதம். டெக்சாஸ் வெயில் திருச்சி வெயிலுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பாங்க்கில் ஏ.சி. நின்றுபோனது. மத்தியானத்துக்குள் லிண்டாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்ததால், டாயில் முன்கதவைப் பூட்டி, ‘இன்று மூடியிருக்கிறது’ என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். ஏன் மூடியிருக்கிறது என்று அதில் எழுதவில்லை. முந்தின வாரம்தான் பக்கத்து ஊர் பாங்க் ஒன்று மூடிய கதவைத் திறக்காமலே போயிருந்தது.

மறுநாள் காலையில் எனக்குக் காரை நிறுத்த இடமில்லை. வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. மடக்கு நாற்காலி, குடை, ஐஸ் பெட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த அன்றைக்கு நிற்கிற கூட்டம்தான், சத்தம் மட்டும் இல்லை. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏ.சி. மெக்கானிக் வந்தார். டாயிலுக்கு முகமெல்லாம் நிம்மதி. எல்லார் காதிலும் விழும்படி, “ஏ.சி. ரிப்பேர், வேற ஒண்ணுமில்லை” என்று சொல்லி அவரை உள்ளே அழைத்தார். மெக்கானிக் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏ.சி.யை அப்புறம் பாக்கறேன். முதல்ல என் அக்கவுன்ட்டை க்ளோஸ் பண்ணிக் குடுத்துடுங்க.”

மெதுவாக எண்ணு

கூட்டம் குறைவதாக இல்லை. டாயில் எங்களைக் காபி அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். ஆஸ்டினிலிருந்து பணவண்டி வந்துகொண்டிருக்கிறது, அது வந்து சேரும்வரை கையில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும், அதனால் ஒவ்வொருவருக்கும் மெதுவாக எண்ணிக் கொடுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுங்கள், சிரித்துப் பேசுங்கள் என்றார். திருச்சியில் என் ஹெட் கேஷியர் ஒரு கட்டை எண்ணும் வேகத்தை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார். இங்கே மெதுவாக எண்ணச் சொல்லிச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஸ்கூல் பஸ் ஓட்டும் ஓர் அம்மாள் என் ஜன்னலுக்கு வந்தார். மாதா மாதம் செக் மாற்ற வருகிறவர். வெயிலைப் பற்றி விசாரித்தேன், முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன், நோட்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், பேரனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

“இத்தனை நாளா நீ எங்கிட்ட ‘அடுத்தவங்க வாங்க’ன்னு மட்டும்தான் பேசியிருக்கே. இன்னைக்கு என் பேரன் பேரைக் கேக்கறே. அப்ப நிலைமை நிஜமாவே மோசம்தான்.”

மண்ணுக்குள் போன பணம்

வியாழக்கிழமை வரிசையில் ஹேகன் நின்றார். எண்பதைத் தாண்டிய பருத்தி விவசாயி. பணவண்டி வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கட்டுகளை ஜனங்கள் கண்ணில் படும்படி எங்களுக்குப் பின்னால் ஒரு மேஜையில் டாயில் அடுக்கிவைத்திருந்தார். அதைப் பார்த்தும் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. ஹேகன் தனக்கு முன்னால் நின்ற ஒரு சின்ன வயசுத் தம்பதிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு நின்ற அந்தப் பெண் அழுதிருந்தாள்.

கதை அவர் அப்பாவுடையது. 1893-ல் நாடு முழுக்க பாங்க்குகள் விழுந்த பீதியின்போது அவர் கல்யாணமாகாத இளைஞர். பருத்தி விற்ற காசை பாங்க்கில் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர், சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கதவில் பூட்டு. வெயிலிலும் மழையிலும் அந்தப் படிக்கட்டிலேயே கிடந்து பார்த்திருக்கிறார், ஒரு காசு திரும்பவில்லை. கோவேறு கழுதைகளை விற்றார். கடைக்காரர் நோட்டை வாங்க மறுத்து, முட்டை கொடுத்தால்தான் காலணி என்றாராம். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளமாக விறகு வந்ததாம். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சோள ரொட்டியைத் தவிர வேறெதையும் அவர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அன்றோடு பாங்க் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் சம்பாதித்ததையெல்லாம் வெள்ளி டாலராக்கி, பானையில் போட்டு நிலத்தில் புதைத்தார். இடம் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பக்கவாதம் வந்து, பேச முடியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஹேகன் முறை வந்தது. எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு வாரமும் மாட்டுத் தீவனத்துக்கு எடுக்கிற அதே சின்னத் தொகையைத்தான் கேட்டார். மீதி இருக்கட்டுமா என்றேன்.

“இங்கயே இருக்கட்டும்மா. எங்கப்பா பாங்க்கை நம்பாம மண்ணை நம்பினாரு. நாங்க இன்னும் தோண்டிக்கிட்டிருக்கோம்.”

நம்ம ஆள்

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். போன் அடித்தது. டாக்டர் சிவராமன். ஆஸ்டின் பக்கத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் அவர் அங்கிள். சொந்தமாக க்ளினிக் கட்டச் சேர்த்த பணத்தை எங்கள் பாங்க்கில்தான் போட்டிருந்தார். இரண்டு சதவீதம் கூடுதலாக வட்டி தருகிறார்கள் என்று அவராகவே தேடி வந்து போட்டது.

“ஸ்டெல்லா, நீ உள்ளயே வொர்க் பண்றே. ஓப்பனா சொல்லு, வித்ட்ரா பண்ணட்டுமா, வெயிட் பண்ணட்டுமா?”

“எனக்கு நிஜமாவே தெரியாது அங்கிள். தெரிஞ்சாலும் நான் சொல்லக்கூடாது.”

“கூடாதுன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

“இல்ல அங்கிள். கதவுல ஒட்டியிருக்கறதைப் படிங்க. தலைக்கு ஒரு லட்சம் டாலர் வரைக்கும் கவர்மென்ட் இன்ஷூர் பண்ணியிருக்கு. அதுக்கு மேல இருந்தா, அது உங்க ரிஸ்க். இதை நான் எல்லார்கிட்டயும்தான் சொல்லிட்டிருக்கேன்.”

“நம்ம ஆளாச்சேன்னு போன் பண்ணேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த ஊரில் நம் ஆட்களே கொஞ்சம் பேர்தான்.

மறுநாள் கதவு திறந்தவுடன் டாக்டரின் மனைவி கமலா ஆன்ட்டி தனியாக வந்து நின்றார். கூட்டுக் கணக்கு, அதனால் அவருடைய கையெழுத்தும் செல்லும். வாசல் நோட்டீஸைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். வரம்புக்கு மேலே இருந்த அவ்வளவையும் வேறொரு பாங்க்குக்கு உடனே மாற்றச் சொன்னார். பத்து மணிக்குள் மாற்றிக் கொடுத்தேன். அங்கிள் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன்.

“அவருக்கு லேப் ரிப்போர்ட்டைத் தவிர வேற எதையும் படிச்சுப் பழக்கமில்லம்மா. நீ மனசுல வெச்சுக்காதே.”

எங்கள் கணக்கு

முந்தின நாள் டாக்டரின் போனை வைத்ததும் சேவியர் சாப்பாட்டு மேஜையிலிருந்து கேட்டார், “நம்ம டௌன் பேமென்ட் பணமும் அங்கதானே இருக்கு?”

ஆமாம் என்றேன். வீடு வாங்கச் சேர்த்தது. சேவியர் ஓவர்டைம் பார்த்தது, நான் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனது, எல்லாம் அதில்தான் இருந்தது. இன்ஷூரன்ஸ் வரம்புக்கு எவ்வளவோ கீழேதான்.

“எடுத்தியா?”

“கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவளே எடுத்தா வரிசைல நிக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு ஊற்றிய ரசத்தைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு நாளா ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றே. எனக்கும் கொஞ்சம் சொல்லேன்.”

பந்து இல்லாத ஆட்டக்காரர்கள்

வெள்ளிக்கிழமை மத்தியானம். கூட்டம் குறைந்திருந்தது. பிழைத்துவிட்டோம் என்று லிண்டா சொன்னாள். அப்போது மோட்டல் நடத்தும் படேல் வந்தார். குஜராத்திக்காரர், வாராவாரம் மோட்டல் வசூலை எங்களிடம் கட்டுகிறவர். அன்றைக்குப் பை இல்லாமல், கையை வீசிக்கொண்டு வந்தார். டெபாசிட் இல்லையா என்று கேட்டேன். ஜன்னலுக்கு நெருங்கிக் குனிந்து, தன் மோட்டல் முழுக்க நிரம்பிவிட்டது என்றார். நல்லதுதானே என்றேன். வந்தவர்கள் எல்லாரும் தனித்தனிக் காரில் வந்தார்களாம், எல்லாரும் ரொக்கமாகக் கொடுத்தார்களாம், யாரும் கம்பெனி பெயரைச் சொல்லவில்லையாம்.

“பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கற பௌலிங் போட்டிக்கு வந்திருக்கோம்னாங்க. ஒருத்தர்கிட்டயும் பந்து இல்லை. எல்லார்கிட்டயும் கால்குலேட்டர் இருக்கு.”

மானேஜரின் பெட்டி

சாயங்காலம் கடைசி வாடிக்கைக்காரர் வெளியே போனதும் படேலின் மோட்டலில் தங்கியிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். கருநீல கோட்டுகள், டெபாசிட்டை இன்ஷூர் செய்யும் அரசாங்கத் துறையின் ஆட்கள். தலைமை தாங்கி வந்தவர் ஒரு பெண். கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, மரியாதையாகவே பேசினார். இந்த நிமிஷத்திலிருந்து பாங்க் அரசாங்கத்தின் கையில். திங்கட்கிழமை வேறொரு பாங்க்கின் பெயரில் திறக்கும். டெபாசிட்டுகள் அப்படியே அங்கே போகும். நீங்கள் இருந்து உதவினால் சனி, ஞாயிறுக்கும் சம்பளம் உண்டு. டாயில் எழுந்து நின்று சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தார். லிண்டா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் டிராயரைச் சரிபார்க்க நின்ற பையனுக்குப் பெட்டிச் சாவியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

டாயில் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பிள்ளைகளின் போட்டோ, மீன் பிடித்து வாங்கிய ஒரு கோப்பை. லிண்டா மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: ரிட்டயர்மென்ட்டுக்கென்று அவர் சேர்த்ததெல்லாம் இந்த பாங்க்கின் பங்குகளில்தான் இருந்ததாம். டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, பங்குக்குக் கிடையாது. அந்த நிமிஷத்தில் அது வெறும் காகிதமாகிவிட்டது. வாரம் முழுக்க வரிசைக்குப் போய், குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உங்கள் பணம் பத்திரம், பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

நான் அவர் பின்னாலேயே பார்க்கிங் வரைக்கும் போனேன். கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டு அவரே பேசினார்.

“நான் பொய் சொல்லலை, ஸ்டெல்லா. அவங்க பணம் பத்திரமாத்தான் இருக்கு. என் பணத்தைப் பத்தித்தான் யாரும் கேக்கலையே.”

புதுப் பெயர்

திங்கட்கிழமை பழைய பெயர்ப்பலகையை மூடி ஒரு துணி பேனர் தொங்கியது. புது பாங்க்கின் ஆள் ஒருவர் வாசலில் டோனட் கொடுத்தார். நான் இருந்த அதே ஜன்னல், அதே நாற்காலி. ஹாலில் நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மறுபடி வரிசை வருமோ என்று. வந்தது. ஆனால் பாதிப் பேர் கையில் உறையும் பையும். போன வாரம் எடுத்துக்கொண்டு போன பணத்தை, வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியாமல், திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள்.

பூ வியாபாரம் செய்யும் ஒரு விதவை, பழைய பாங்க்கின் பெயர் போட்ட செக் புத்தகத்தை என் முன்னால் வைத்து, இது இன்னும் செல்லுமா என்று கேட்டார். செல்லும், தீரும்வரை எழுதலாம் என்றேன். பணம் குறைந்திருக்கிறதா என்றார். ஒரு சென்ட்டும் குறையவில்லை என்றேன். கணக்கு நம்பர், வட்டி, பாஸ்புக் எல்லாம் அதேதான் என்றேன். செக் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்படின்னா யாரோட பணம்தான்மா போச்சு?”

‘அடுத்தவங்க வாங்க’ என்றேன். புது பாங்க் அடுத்த கோடைக்குள் அந்தக் கிளையையே மூடிவிட்டது. லிண்டா அழகு நிலையத்துக்குப் போனாள், நான் ரவுண்ட் ராக்கில் வேறொரு பாங்க்கில் சேர்ந்தேன். டாயில் ஏரிக்கரையில் படகு விற்கும் கடையில் வேலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் வீடு வாங்கினோம், நிலத்தின் விலை விழுந்துகிடந்ததால் நினைத்ததைவிடச் சல்லிசாகவே கிடைத்தது.

பயம் வந்தால் ஜனங்கள் பணத்தை எடுக்கிறார்கள், பயம் தெளிந்தால் அதையே கொண்டுவந்து போடுகிறார்கள், இரண்டு தடவையும் உட்கார்ந்து எண்ண வேண்டியது மட்டும் நம் தலையெழுத்து.