சிப்பியின் இரண்டாவது தசை

ஃபார்மலின் வாடையில் கண் எரிந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். இன்று காலையும் வந்தது. ஆய்வகத்து அலமாரியில் ஒரு போத்தலின் மூடி இளகிக் கிடந்தது. அதை இறுக்கிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் குவிந்திருந்த ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். இருபத்தெட்டு நோட்டுகள். விலங்கியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுடையவை. ஏழு வருஷத்துக்கு முன் இதே மேசையில் குனிந்து படம் போட்ட நான், இப்போது இங்கே டெமான்ஸ்ட்ரேட்டர், அன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்த அதே சாருக்குச் செய்முறை வகுப்பில் உதவி. நான் ஒவ்வொரு படத்துக்கும் இனிஷியல் போட வேண்டும். பிறகு சார் கடைசியில் முழுக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாத பிள்ளையைச் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள்.

முதல் நோட்டில் சிப்பிப் படத்தைப் பார்த்தேன். இரண்டாவதில் பார்த்தேன். ஐந்தாவது நோட்டுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரு ஓரத்தில், புள்ளிக்கோட்டில், ஒரு சின்னத் தசை. அந்தப் புள்ளிக்கோடு என்னுடையது. என் கையால் போட்டது.

பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். கோபம் வந்தால் எனக்கு வரிசை தப்பிவிடும்.

என் அப்பா சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தபோது அதிலும் இறங்கியிருக்கிறார். எனக்கு அப்போது பாவாடை கட்டத் தெரியாத வயசு. அப்பா கடலுக்குள் போக, அம்மா கரையில் உட்கார்ந்து சிப்பி அறுத்ததுதான் ஞாபகம். கரை முழுக்க அழுகிய சிப்பி நாற்றம். சோற்றில் நாறும், தலையணையில் நாறும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் சாம்பிராணியையும் மீறி நாறும். அதனால் கல்லூரியில் முதல் நாள் ஃபார்மலின் போத்தலைத் திறந்தபோது மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், நான் பிடிக்கவில்லை. சிப்பிக்கரையில் வளர்ந்தவளாக்கும் என்ற திமிர். கண் எரிந்து நீர் கொட்டியதைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மறைத்துக்கொண்டது வேறு விஷயம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரெக்கார்டு நோட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்று அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏளா, ஒரு பக்கம் கோடு போட்டிருக்கு, மறு பக்கம் மொட்டையால்லா இருக்கு. கடைக்கார அண்ணாச்சி உன்ன ஏமாத்திட்டாரு."

"அது படம் போடுற பக்கம்மா."

"அதுக்குன்னு ஒரு பக்கத்தச் சும்மாவா விடுவான்?" என்று நம்பாமல் மூடி வைத்தாள்.

அவள் சிப்பி அறுத்த கத்தியில்தான் பென்சில் சீவுவேன். பிளேடைவிட அருமையாகச் சீவும். நான்கு பென்சில்களை ஊசி மாதிரி சீவி வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்து முக்காலிக்காரி பிலோமி, "மகாராணி ஈட்டியோட வந்தாச்சு" என்பாள். அவளுக்கு ரெக்கார்டு பற்றிக் கவலையே கிடையாது. அவளுடைய அக்கா இதே வகுப்பில் படித்து முடித்தவள். அக்காவின் நோட்டு வீட்டில் இருந்தது.

நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, கண்டறிந்தவை, முடிவு. ஒரு சோதனையை எழுதுகிற இந்த வரிசையை முதல்முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் யாராவது ஒன்றைச் சொன்னால் அதற்கு முன்னே ஒரு சத்தியம், பின்னே ஒரு சத்தியம் வைக்க வேண்டும். மாதா மேல், பெற்ற பிள்ளை மேல், கடல் மேல். அப்படியும் நம்பமாட்டார்கள். இங்கே சத்தியமே தேவையில்லை. எதை எடுத்தோம், எப்படிச் செய்தோம், என்ன பார்த்தோம் என்று எழுதிவிட்டால் போதும். சந்தேகப்படுகிறவன் தானே செய்து பார்த்துக்கொள்ளட்டும். என்னைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவளின் பேச்சுக்கும் இதில் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

சார் செவ்வாய்க்கிழமை 'கண்டறிந்தவை' பகுதியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். சிப்பி வந்தது வியாழக்கிழமை. இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் அதைக் கண்டறிந்துவிட்டோம்.

அதிலும் ஒரு கூத்து. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருந்தது ஆற்றுச் சிப்பி. ஆத்தூர்ப் பக்கம் போய் ஆற்றில் இறங்கினால் கிடைத்திருக்கும். பஸ் ஏறிப் போக யாருக்கும் மனசு வரவில்லை. கடல்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே! அட்டெண்டர் அண்ணாச்சி ஒரு வாளியோடு போய், கரையோரப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சின்ன முத்துச்சிப்பிகளைப் பெயர்த்துக்கொண்டு வருவார். நாங்களும் இரண்டொரு முறை அவரோடு போய்ப் பொறுக்கியிருக்கிறோம். ஆக, அறுப்பது கடல் சிப்பி, எழுதுவது ஆற்றுச் சிப்பி. வருஷா வருஷம் இப்படித்தான் நடந்து வந்தது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

எனக்கும் தெரிந்திருக்காது, கத்தியை வைத்து அறுக்கும்வரை. சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடித்து மூடி வைத்திருப்பது தசை. ஆற்றுச் சிப்பிக்கு அது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு. சார் சொல்லி நான் எழுதியிருந்ததும் இரண்டு. என் தட்டில் இருந்த சிப்பியில் நடுவில் பெரிதாக ஒன்றே ஒன்று. அம்மா ஒரே அறுப்பில் சிப்பியைத் திறப்பாளே, அது அதனால்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். செவ்வாய்க்கிழமை எழுதியதை அடித்துவிட்டு, 'தசை ஒன்று, நடுவில்' என்று எழுதினேன். ஒரே தசையோடு படம் போட்டேன்.

பிலோமி எட்டிப் பார்த்தாள். "ஏளா, ரெண்டா போடு. எங்க அக்கா நோட்டுல ரெண்டுதான் இருக்கு."

"உன் தட்டுல எத்தன இருக்கு?"

"தட்டுல உள்ளத யாரு பாக்கா?" என்றாள். வகுப்பிலேயே நடைமுறை தெரிந்தவள் அவள்தான்.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தபோது என் படத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. சார் மேடையிலிருந்தே கூப்பிட்டார்.

"இன்னொரு மசில் எங்க?"

"இல்ல சார். சிப்பியில ஒண்ணுதான் இருந்துச்சு."

"சிலபஸ்ல என்ன இருக்கு? ஃப்ரெஷ் வாட்டர் மஸ்ஸல். அதுக்கு எத்தனை?"

"ரெண்டு சார். ஆனா நாங்க அறுத்தது கடல் சிப்பி."

"நீ எதை அறுத்தா எக்ஸாமினருக்கு என்னம்மா? அவர் புக்கோட ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்."

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "எங்கம்மா ஆயிரக்கணக்குல சிப்பி அறுத்தவங்க சார். கேட்டுப் பாருங்க, ஒண்ணுதான்."

அவர் சிரித்தார். "ஓ! அப்ப ஒண்ணு பண்ணுவோம். உங்கம்மாவையே இங்க டெமான்ஸ்ட்ரேட்டரா போட்டுருவோமா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிலோமியும் சிரித்தாள். அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன். அவரை இல்லை. தெரியாமல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. முத்துச்சிப்பிக்கு ஒரு தசைதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், விலங்கியல் வாத்தியார் அல்லவா! தெரிந்துகொண்டே என்னைப் பார்த்து வகுப்பைச் சிரிக்கவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இரண்டு போட்டுக் கொண்டுவா. இல்லாட்டி கையெழுத்து கிடையாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. படிப்பு முடிகிற மாசத்தை எண்ணிக்கொண்டு மாமா ஒரு மாப்பிள்ளையோடு தயாராக இருந்தார். ஒரு வருஷம் தவறினால் நோட்டு அடுப்புக்குப் போகும், நான் கல்யாணப் பந்தலுக்குப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முறைத்தபடி இருந்தேன். அம்மா மீன் அலசிக்கொண்டே என்னவென்று கேட்டாள். சொன்னேன், அவளை வைத்துச் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டு. புத்தகப் படத்தைக் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"இது எந்தூருச் சிப்பிளா?"

"ஆத்துச் சிப்பி."

"அதான பாத்தேன். நம்ம சிப்பிக்கு எங்கன ரெண்டு?" புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "சரி, அந்தாளு கேட்டா இன்னொண்ணு போட்டுத் தொலையேன். நீ கோடு போட்டா சிப்பிக்கு வலிக்கவா போவுது?"

அவள்மீதும் கோபம் வந்தது. எனக்காகச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. இப்போது யோசித்தால், நான் பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காகத் தன் கைக்குத் தெரிந்ததையே அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

போட்டேன். ஆனால் முழுக்கோட்டில் போட மனசு வரவில்லை. புள்ளி புள்ளியாக வைத்து ஒரு நீள்வட்டம். கண் உள்ள எக்ஸாமினர் யாராவது, 'இது மட்டும் ஏனம்மா புள்ளிக்கோடு?' என்று கேட்பார், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. பெரிய புரட்சிக்காரி என்ற நினைப்பு.

சார் 'குட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எக்ஸாமினர் பக்கத்தைப் புரட்டினார், தலையாட்டினார், அடுத்த பக்கம் போனார். யாரும் கேட்கவில்லை. படங்கள் அழகாக இருந்ததால் என் நோட்டைத் துறையிலேயே வாங்கிக் கண்ணாடி அலமாரியில் மாதிரி ரெக்கார்டாக வைத்துக்கொண்டார்கள். அம்மா அதைத் தெருவெல்லாம் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்தப் பெருமைதான் இன்று இருபத்தெட்டு நோட்டுகளில் திரும்பி வந்திருக்கிறது. முதல் நோட்டுக்காரி செல்வியைக் கூப்பிட்டேன்.

"இது ஏன் புள்ளிக்கோடு?"

"அப்படித்தான் போடணும் மிஸ். முழுக்கோடு போட்டா சார் மார்க்கக் குறைச்சிருவாரு."

"யாரு சொன்னது?"

"மாடல் ரெக்கார்டுல அப்படித்தான இருக்கு மிஸ்."

"நீ சிப்பிய அறுத்துப் பாத்தியா?"

"சிப்பியா?" என்னை விநோதமாகப் பார்த்தாள். "செவுத்துல தொங்குற சார்ட்டப் பாத்துத்தான மிஸ் போட்டோம்."

அட்டெண்டர் அண்ணாச்சியிடம் போய் நாலே நாலு சிப்பி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் வாளியில் இப்போது தரை துடைக்கிற துணி ஊறிக்கொண்டிருந்தது. "எங்கன போயி எடுக்க? நாம பெறக்குன பாறையெல்லாம் புதுத் துறைமுகத்துக்குக் கல்லும் மண்ணும் போட்டு மூடியாச்சுல்லா. அதுக்கு மேலதான் இப்ப லாரி ஓடுது."

மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் உப்புப் பானைக்குள் கரண்டிக்குப் பதிலாக ஒரு பழைய முத்துச்சிப்பி ஓடு கிடக்கும், அந்தக் கடைசிக் குளிப்பில் வந்தது. அதை எடுத்துக் கழுவினேன். "உப்ப எதுல அள்ள?" என்று அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

ஓட்டின் உள்பக்கம், தசை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தடம் இருக்கும். இருபத்தெட்டுப் பேரும் அதை வாங்கித் தடவிப் பார்த்தார்கள். எத்தனை தடம் என்று கேட்டேன். "ஒண்ணுதான் மிஸ்" என்றார்கள். செல்வி மட்டும் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னொன்றைத் தேடி.

அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்து, முதலில் என் புள்ளிக்கோட்டைச் சிவப்பு மையில் அடித்தேன். பிறகு இருபத்தெட்டிலும் அடித்தேன். ஒவ்வொன்றின் கீழும் 'படம் கடல் சிப்பியைப் பார்த்துத் திருத்தப்பட்டது, தசை ஒன்று' என்று எழுதி இனிஷியல் போட்டேன். கை வலித்தது. நோட்டுகள் சாரின் அறைக்குப் போய்விட்டன. சாயங்காலம் அட்டெண்டர் அண்ணாச்சி வந்து, "சார் நாளைக்குக் காலைல மொதல்ல தன்ன வந்து பாக்கச் சொல்லுதாரு. மூஞ்சி சரியில்ல" என்றார்.

போகத்தான் போகிறேன். பிள்ளைகளுக்குக் கையெழுத்து வாங்காமல் வெளியே வருவதாக இல்லை. அம்மாவைப் போடலாமா என்று அவர் கேலி செய்த அந்த வேலையில்தான் இப்போது நான் இருக்கிறேன் என்பதையும் ஞாபகப்படுத்துவேன்.

வீட்டுக்கு வரும் வழியில், அண்ணாச்சி சொன்ன அந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன். பாறை இருந்த இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை. அழுகிய சிப்பி நாற்றம் இல்லை, டீசல் வாடைதான். நாங்கள் பாவாடையை நனைத்துக்கொண்டு சிப்பி பொறுக்கிய தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் ஒன்று என்று சொன்னபோது, சந்தேகம் இருந்தால் இறங்கி வந்து எடுத்து அறுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு வாளி போதும். இனி எத்தனை தசை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், இல்லை என்று அறுத்துக் காட்ட அங்கே ஒரு சிப்பி கிடையாது.

ஓடு என் பைக்குள் இருக்கிறது. உப்பைக் கையால் அள்ளிக்கொள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.