ஒன்பதாவது கட்டைக்கு அப்பால்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் குறிஞ்சாக்கேணி தாண்டிப் பள்ளத்துவெளிக்குப் போய், விவசாயச் சங்கத் தலைவர் கலீலுர் றஹ்மானிடமே கேட்கலாம். அவர் பதில் சொல்ல மாட்டார். உரமானியம் தொடக்கம் உலக சமாதானம் வரை எதைக் கேட்டாலும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பேசுகிற மனிதர், இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. நடந்தது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பள்ளத்துவெளியில் வயல் ரோட்டு ஒன்றுதான். மகாவலி பெருகினால் ரோட்டும் வயலும் ஒரே தண்ணீர். எது கிறவல் போட்ட ரோட்டு, எது வாய்க்கால் என்று தெரியாது. அதனால் போன வருடம் தலைவர் ரோட்டோரம் இருபத்து நான்கு மரக்கட்டைகளை நட்டு, வெள்ளை பூசி, நாடா வெட்டித் திறந்து வைத்தார். கட்டையை ஒட்டிப் போனால் காலடியில் ரோட்டு. அதுதான் ஏற்பாடு.

ஒரு சின்னப் பிசகு இருந்தது. ஒன்பதாவது கட்டையோடு ரோட்டு வலப்பக்கம் வளையும். அங்கே கிறவல் அள்ளிய பெரிய கிடங்கு, ஆள் மூழ்கும் பள்ளம். ரோட்டு அதைச் சுற்றிப் போய், பதினேழாவது கட்டையில்தான் திரும்ப நேராகும். கட்டைகளோ வளையவில்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வட்டவிதானை முனாஸ் அன்றைக்கே சொன்னார்.

"தலைவர், ரோட்டு வளையுதே. கட்டையும் வளையோணும்."

"நேரா நட்டாத்தான் முனாஸ் படத்துல வடிவா இரிக்கும்."

கிடங்குக்குள் நட வேண்டிய ஏழு கட்டைகளுக்கும் நீளமான மரம் எடுப்பித்தார் தலைவர். தலைகள் சமமாக நிற்க வேண்டும் அல்லவா. படம் உண்மையிலேயே வடிவாகத்தான் வந்தது. சங்கக் கட்டடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். கிடங்கை எல்லாரும் மறந்தார்கள். தலைவர் முதலில் மறந்தார்.

கடந்த கார்த்திகையில் வெள்ளம் வந்தது. இரண்டாம் நாள் பகல் ஒன்றரை மணிக்கு முனாஸின் மனைவி சுஹைரா போன் எடுத்தாள்.

"தலைவர், விடிய சுபஹுக்கே அலவாங்கும் கயிறும் எடுத்துக்கிட்டுப் போன மனிசன் இன்னும் வரல்ல. கட்டையப் புடுங்கோணும் எண்டு புறுபுறுத்தார்."

"வருவார், வருவார். நான் ஒரு முக்கியமான அறிவித்தல் போடப் போறன்."

இரண்டு நாற்பதுக்கு அறிவித்தல் எல்லார் கைப்பேசிக்கும் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைத் தமிழில்: "நமது சங்கத்தின் அயராத முயற்சியால் நடப்பட்ட வெள்ளைக் கட்டைகளை அனுசரித்து, அச்சமின்றி வீதியைக் கடக்குமாறு வேண்டுகிறேன்."

மூன்று பத்துக்கு மகள் நப்லா எடுத்தாள். அவள் வீடு ரோட்டின் மற்ற முனையில், இருபத்து நான்காவது கட்டைக்கு அப்பால். கையில் இருபது நாள் பிள்ளை. வாசலில் கணவன் அர்ஷாக்கின் உழவு மெசின், பின்னால் இழுவைப் பெட்டி.

"வாப்பா, குசினிக்குள்ள தண்ணி வந்திட்டு. உங்கட மெசேஜ் கேட்டோம். அர்ஷாக் மெசின் எடுக்கிறார். கட்டையப் புடிச்சி வாறம்."

"வாங்க மகள், பயப்படாம வாங்க."

தலைவரின் போன் அத்தோடு செத்துப்போனது. தலைவர் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். வெள்ளத்தில் இறங்கி மகளையும் பேரப்பிள்ளையையும் எதிர்கொள்ளும் தலைவர்... யாராவது படம் எடுத்தால் நல்லதுதான்.

அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதலாவது கட்டையடியில், முழங்கால் தண்ணீரில், சாரத்தை மடித்துக் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு முனாஸ் நின்றார். கையில் அந்த இரும்பு அலவாங்கு.

"சுஹைரா தேடுறா உன்ன," என்றார் தலைவர்.

முனாஸ் திரும்பவில்லை. "வாங்க தலைவர்," என்றார். நடந்தார்.

வெள்ளத்தில் ரோட்டுத் தெரிந்த ஒருவர் முன்னே நடப்பதும், மற்றவர்கள் பின்னே போவதும் அந்த ஊர் வழக்கம். தலைவர் பின்னே போனார். ஒவ்வொரு கட்டையையும் முனாஸ் அலவாங்கால் தட்டினார்.

டக்.

மூன்றாவது கட்டையில் தலைவருக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஐந்தாவதில் தொடைக்கு. ஏழாவதில் இடுப்புக்கு.

முனாஸுக்கு முழங்கால்தான்.

முனாஸ் கட்டையான மனிதர். தலைவரின் தோளுக்குத்தான் வருவார்.

டக்.

தலைவர் நடந்தால் தண்ணீர் சளக் சளக்கென்றது. முன்னால் சத்தமே இல்லை. அலையும் இல்லை.

டக்... ஒன்பது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தொன்று.

முனாஸ் நேரே போனார். டக். பத்து.

தலைவர் அடுத்த காலை வைத்தார். நிலம் இல்லை. பின்னால் சாய்ந்து, குடையை மடக்கிக் குத்திப் பார்த்தார். குடை முழுவதும் போனது. கை தோள்வரை போனது.

அப்போதுதான் கிடங்கு ஞாபகம் வந்தது.

"முனாஸ்... ரோட்டு வளையுதே..."

கிடங்கின் நடுவில், முழங்கால் தண்ணீரில், முனாஸ் நின்றார். திரும்பவில்லை.

"நேரா நட்டாத்தான் தலைவர் படத்துல வடிவா இரிக்கும்."

அந்த நேரம்தான் மெசின் சத்தம் கேட்டது.

டுக்கு டுக்கு டுக்கு...

அக்கரையில் இருபதாவது கட்டை. பெட்டியில் நப்லா. மடியில் துணிப்பொதி. அர்ஷாக்கின் கண் கட்டைகளில். நேராக வருகிறான்.

பத்தொன்பது.

தலைவர் கத்தினார். மேடையில் ஒலிவாங்கி இல்லாமலே முழங்கிய தொண்டை. மழையில் அது பத்தடிகூடப் போகவில்லை.

பதினெட்டு.

தலைவர் வலப்பக்கம் திரும்பினார். குடையால் குத்திக் குத்தி, கிறவல் தட்டுப்பட்ட இடத்தில் காலை வைத்து, வளைவில் ஓடினார். நெஞ்சளவு தண்ணீர். சாரம் அவிழ்ந்து போனது. போகட்டும்.

வளைவின் நடுவில் நின்று குடையை விரித்து உயர்த்தினார்.

"இஞ்சால... இஞ்சால..."

பதினேழு.

மெசின் நின்றது.

முன்சில்லு கிடங்கின் விளிம்பில்.

பிறகு மெல்லப் பின்னெடுத்து, தலைவரை நோக்கித் திரும்பியது.

தலைவர் கிடங்கைப் பார்த்தார். முனாஸ் இல்லை.

பெட்டியில் ஏற்றியபோது அவருக்குப் பல் கிட்டியிருந்தது. நப்லா தன் சால்வையால் போர்த்தினாள். பிள்ளை நித்திரை.

"என்னத்தப் பாத்து நேரா வந்த நீ?" என்று மருமகனைக் கேட்டார்.

"கட்டையத்தான் மாமா. நீங்கதானே சொன்னீங்க."

அடுத்த நாள் காலை வெள்ளம் வடிந்தது. முனாஸின் மையித்து அரை மைல் தள்ளி நாணலுக்குள் கிடந்தது. இடுப்பில் கயிறு. கயிற்றின் மற்ற முனையில் கட்டாகக் கட்டிய ஏழு வெள்ளை மரங்கள், நீளமானவை. மௌத்து நடந்தது முந்தின நாள் காலை பத்து மணிக்கு முன் என்றார் டொக்டர். கிடங்கில் ஒரு கட்டையும் இல்லை. அவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் போயிருந்தார்.

தலைவர் சங்கக் கட்டடத்துப் படத்தைத் தானே கழற்றினார்.

இன்னொரு படமும் இருக்கிறது. வாப்பாவுக்குப் பிடிக்கும் என்று நப்லா மெசின் பெட்டியில் இருந்து கைப்பேசியில் எடுத்தது. நேரம் மூன்று ஐம்பத்தெட்டு. ஒரு பக்கத்தில் குடையோடு தலைவர். நடுவில், கிடங்கின் மேல், வெள்ளைக் கட்டைகள் நேராக நிற்கின்றன.

எண்ணினால் எட்டு.

எட்டாவதுக்குச் சாரம் கட்டியிருக்கிறது.