பாப்பாவுக்கு ரோடு ஓடாது

விடிந்தும் விடியாத நேரத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குக் கீழே போகும் பாதையில் அம்மா வந்து நிற்பாள். முதுகில் கூடை, இடுப்பில் நனையாமல் இருக்கக் கட்டிய படங்குச் சாக்கு, குளிருக்குத் தலையில் சுற்றிய பழைய துணி. நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்து ஒரு விடுகதையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மற்றப் பெண்களோடு நடந்துவிடுவாள். அவள் குரலுக்காகவே நானும் அண்ணனும் போர்வைக்குள் விழித்துக் கிடப்போம்.

வட்டகொடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் தேயிலை வளரும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில்தான் அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பது தெரியவரும்; அம்மாவின் விடுகதை அது முடிந்து வரும் வழியில்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோவது எங்கள் வேலை. அம்மா மலையின் நம்பரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் அப்படிச் சொல்பவள் இல்லை. "மண்டையில தண்ணி, மடியில சாமி" என்றால் மேலே தண்ணீர்த் தொட்டியும் கீழே மாரியம்மன் கோயிலும் உள்ள மலை. "துரை நம்மளப் பாப்பாரு, நம்ம அவரைப் பாக்க மாட்டோம்" என்றால் பங்களா ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள மலை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா தோட்டத்தின் மேடு பள்ளம் அத்தனையையும் எங்களுக்குப் படிப்பித்தது இப்படித்தான். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்த அப்பாவுக்கு இது பிடிக்காது. இடத்தை நேராகச் சொன்னால் வாய் வலிக்குமா என்று முணுமுணுப்பார்.

அண்ணன் எந்த விடுகதைக்கும் முதலில் குந்திவிடுவான். இரண்டு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்த பிறகுதான் வாய் திறப்பான். எனக்கு வாய்தான் முந்தும். அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும், எனக்கு ஆறு. என் பங்குக்கு நான் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லுவேன். ஒரு நாள் அவன் பாடம் படிக்கும்போது "ரோடு ஓடுகிறது" என்று வந்தது. ரோடு எங்கே ஓடுகிறது, அது பாட்டுக்குப் படுத்துத்தானே கிடக்கிறது என்று நான் சண்டை பிடித்து, அவன் புத்தகத்தை மூடும் வரை விடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா சொன்ன விடுகதை இது: "ரெண்டு பக்கமும் ஓடும், நடுவுல நாங்க நிப்போம்."

ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ரோடு, ஸ்டோருக்கு மேலே உள்ள மலை என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுவது ஆறும் ரயிலும்தானே? அவன் போத்தலில் தேத்தண்ணியை ஊற்றி, துணியால் வாயை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்த மலைக்கு நான் இறங்கிவிட்டேன்.

அங்கே ஒருவரும் இல்லை. அதனால் எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. விடை சரி, அம்மாதான் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு தேயிலைச் செடிக்கடியில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைத் தின்றேன். பிறகு மூட்டம் இறங்கி என் கையையே எனக்கு மறைத்தது. தூரத்தில் என் பேரைச் சொல்லி ஆண்கள் கூப்பிடுவது கேட்டது. மூட்டத்துக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுவது முனி, பதில் சொன்னால் கொண்டுபோய்விடும் என்று லயத்துப் பெண்கள் சொல்லி வைத்திருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு செடிக்குள் இன்னும் ஒண்டினேன்.

அம்மா இருந்த பக்கம் நடந்ததை எல்லாம் பிறகு கேட்டுத்தான் அறிந்தேன். நான் முன்னால் ஓடியிருப்பேன் என்று நினைத்து அண்ணன் தேத்தண்ணியோடு அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான். பாப்பா எங்கே என்று அம்மா கேட்ட பிறகுதான் நான் இல்லாதது தெரிந்தது. மழைக்காலம், ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து எடுத்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஆற்றங்கரை நெடுக ஓடினார்கள். அம்மா தண்ணீருக்குள் இறங்கப் போய், இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து வைத்தார்களாம். ஸ்டோரிலிருந்து ஓடிவந்த அப்பா, அண்ணன் ரோட்டோரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பதைக் கண்டார்.

"தங்கச்சியக் காணோம்னு ஊரே தேடுது, நீ குந்திக்கிட்டா இருக்க?" என்று கையை ஓங்கிவிட்டார்.

அந்த நேரம் கீழே ரயில் கூவியது. அடி விழுவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான்.

"அப்பா, பாப்பாவுக்கு ரோடு ஓடாதுப்பா" என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்துச் செடிகளுக்குள் பாய்ந்து ஓடினான். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பின்னாலேயே ஓடினார்.

ரயில் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, மூட்டத்துக்குள்ளிருந்து மேல்மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது. அது என் பேரைச் சொல்லவில்லை.

"ரெண்டு பக்கமும் ஓடும், நடுவுல நிப்பாங்க. அது எது?"

முனியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், விடை தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க என்னால் முடியாது. "ஆறும் ரயிலும்!" என்று கத்தினேன். அடுத்த நொடி அப்பாவின் கைகள் என்னைத் தூக்கிவிட்டன. அவர் மேலெல்லாம் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. என் விடை சரியா என்று கேட்டபோது, சரிதான் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அன்று சாயந்திரம் நாங்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை. விடுகதை என்றாலே முகத்தைச் சுளிக்கும் அப்பா அண்ணனைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு போடுடா" என்றார்.

அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "தொலைஞ்சு போனவகிட்ட இல்ல, தேடுனவங்ககிட்ட இருந்துச்சு. அது என்ன?"

நான் முந்திக்கொண்டேன். தேத்தண்ணி! ரொட்டி என்னிடம் இருந்தது, போத்தல் அவனிடம்தானே இருந்தது?

அப்பா அடுப்பைப் பார்த்தபடியே, "பயம்" என்றார்.

இரண்டுமே சரி என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அம்மா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குத்தான் அப்பாவின் விடை கொஞ்சமும் பிடிக்கவில்லை. பல வருடம் கழித்து, என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வராத ஒரு மாலையில், ஹட்டன் கடைத்தெருவில் வருகிற பஸ் ஒவ்வொன்றிலும் அவளைத் தேடிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். அதுவரைக்கும் தேத்தண்ணிதான் சரியான விடை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.