வெள்ளாவிக் கொதிநீரும் துணி நீலமும்

ஒரு நாள் காலை நாங்கள் துணி அவிக்கும் வெள்ளாவி அடுப்பில் ஒரு கல் நழுவி, அண்டா சாய்ந்தது. கொதித்துக்கொண்டிருந்த சோடாத் தண்ணீர் என் தங்கை புருஷன் மாரியின் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. அனல் படாமலிருக்க நாங்கள் காலில் சாக்குச் சுற்றிக்கொள்வது வழக்கம். அந்தச் சாக்கே கொதிநீரைக் குடித்துக் காலோடு ஒட்டிக்கொண்டது. அவிழ்ப்பதற்குள் தோல் செக்கச் செவேலென்றாகி, கொப்புளம் கிளம்பி, நீர் கசிந்தது.

பத்தடியில் ஓடை. அந்தத் தண்ணீரை ஊற்ற எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் சூடு பட்டால் துணி நீலம்தான் மருந்து. கரைத்து இரண்டு காலிலும் பூசினேன்.

"எரியுதே மச்சான்! ஆஸ்பத்திரி வேணாம், காலை வெட்டிடுவானுங்க!"

"வாயைக் கழுவுடா" என்றேன். எனக்கும் அதே பயம்தான். கால் போனால் ஓடையில் நின்று எப்படித் துணி அடிப்பான்? தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "முருகா, இவன் வலியை நிறுத்து" என்றே வேண்டிக்கொண்டு போனேன்.

காயம் கட்டும் டிரெசர் பார்த்துவிட்டு, "அலாமாக்! கிருஷ்ண பரமாத்மாவையே கூட்டியாந்துட்டியா? இப்படிப் பூசினா, உள்ள வெந்திருக்கா இல்லையான்னு நான் எப்படிலா பாக்கிறது?" என்றார், மலாய் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில்.

ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவினார். நீலம் முழுக்கப் போகவில்லை. ஊசியை நெருப்பில் காட்டி, ஆறியபின் கெண்டைக்காலில் மெல்லக் குத்தினார். மாரியிடம் சத்தமே இல்லை. டிரெசர் முகம் மாறியது. மறுபடி குத்தினார். அப்போதும் இல்லை. "உணர்ச்சி செத்திருந்தா, ஆழமா வெந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். நான் மாரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"டேய், வலிக்குதா இல்லையா? சொல்லித் தொலைடா!"

பல்லைக் கடித்திருந்தவன் வாயைத் திறந்தான். "உசிரே போகுது! கத்தினா வெட்டிடுவாங்கன்னுதான் அடக்கிக்கிட்டேன் மச்சான்!"

டிரெசர் சிரித்துவிட்டார். "நல்லாக் கத்துலா. வலி இருந்தா அடித்தோல் உசிரோட இருக்கு."

கொப்புளத்தை உடைக்காமல், மஞ்சள் நிற மருந்தில் நனைத்த துணியைச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். மூன்றாவது வாரம் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது.

வெள்ளாவி வேலைக்கு வரும் பிள்ளைகளே, சுட்டால் முதலில் சாக்கை அவிழுங்கள். பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். நீலம் துணிக்கு மட்டும் போதும்.

அன்று நான் வேண்டியதை முருகன் கொடுக்கவில்லை; வலியை விட்டுவைத்தான். அந்த நன்றிக்குத்தான் வருஷா வருஷம் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறேன். எனக்கு முன்னால் மாரி நடக்கிறான்.